முற்றத்தில் ஆட்களும் இருக்க வேண்டும், செடிகளும் இருக்க வேண்டும் என்றால்

பொங்கலுக்கு அண்ணன் குடும்பம் வருகிறது, அத்தை வீட்டிலிருந்தும் வருகிறார்கள், அதற்குள் முற்றத்தைப் பச்சைப்பசேலென்று ஆக்கிவிட வேண்டும் என்று நர்சரிக்குப் போய் ஒரே நாளில் இருபது தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எங்கள் முற்றம் 14 அடிக்கு 18 அடி. செடிகளை நடுவில் வட்டமாக அடுக்கியதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொங்கலன்று வந்த பதினைந்து பேரும் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார்கள், ஏனென்றால் முற்றத்தில் கால் நீட்டக்கூட இடம் இல்லை. எங்கள் அப்பத்தா மட்டும் தூணில் சாய்ந்து நின்று, "கோலம் எங்கே போடுறது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றத்தின் நடுவில் எதையும் வைக்காதீர்கள். நடு முற்றம் கோலத்துக்கு, பொங்கல் பானைக்கு, வெயிலில் காய வைக்கிற மிளகாய்க்கும் வடகத்துக்கும், பிள்ளைகள் ஓடுவதற்கு, மழை விழுவதற்கு. செடி எல்லாம் ஓரத்தில். அதுவும் ஆட்கள் உட்காரும் இடம் எது என்று முடிவு செய்த பிறகுதான் செடி வாங்கப் போக வேண்டும்.

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முகப்பு, பட்டாலை, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு என்று வரிசையாகப் போகும், முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும், காற்று நேராக ஓடும். வளவின் நடுவில் வானம் மட்டும்தான். செடி வேண்டுமென்றால் பின்கட்டில் கிணற்றடி இருந்தது, தோட்டம் இருந்தது. இப்போது நம்மில் பலருக்குப் பின்கட்டும் இல்லை, தோட்டமும் இல்லை, ஒரே முற்றம்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். அதனால் யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து, காலை 9 மணி, நண்பகல் 12, மாலை 4 என்று மூன்று நேரம் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் கோடு போட்டு வையுங்கள். நர்சரியில் செலவழிக்கப் போகும் பணத்தை இந்த ஒரு நாள் வேலை காப்பாற்றும்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. காரைக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். 12 அடிச் சுவர் என்றால் மார்கழி நண்பகலில் தெற்குச் சுவரின் நிழல் ஏறக்குறைய 8 அடி முற்றத்துக்குள் வந்துவிடும். ஜூனில் அதே உயரமுள்ள வடக்குச் சுவரின் நிழல் 3 அடிதான். அதாவது ஆடியில் வெயிலாக இருந்த தெற்கு ஓரம் மார்கழியில் முழு நிழல். ஜூலையில் தெற்கு ஓரத்தில் வைத்த மல்லிகை டிசம்பரில் ஏன் வெளிறிப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆகவே வெயில் கேட்கும் செடிகளான மல்லிகை, எலுமிச்சை, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வடக்குச் சுவர் ஓரம். நிழலைத் தாங்கும் வெற்றிலை, மணி பிளாண்ட், பெரணி வகைகள் தெற்குச் சுவர் ஓரம். மேற்குச் சுவர் ஓரம் காலை வெயில் மட்டும் வாங்கும், பிற்பகலில் முதலில் நிழல் விழுவதும் அங்கேதான், தரை சீக்கிரம் ஆறுவதும் அங்கேதான். ஆட்களை உட்கார வைக்க அந்த ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குச் சுவர் ஓரம் மாலை வெயிலில் வேகும், அங்கே கற்றாழை, காகிதப்பூ போன்ற முரட்டுச் செடிகள்தான் நிற்கும்.

சுற்றிலும் கட்டடம் உயரமாகி வெயில் நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் விழுகிறது என்றால் மல்லிகை ஆசையை விட்டுவிடுங்கள். செடி சாகாது, ஆனால் பூக்காது. அதற்குப் பதில் வெற்றிலையை நன்றாக வளர்க்கலாம், வந்தவர்களுக்கு நம் வீட்டு வெற்றிலையை மடித்துக் கொடுக்கிற சந்தோஷம் மல்லிகைக்குக் குறைந்தது இல்லை.

தரை

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட தரைக்கல்லை, வானம் பார்த்த இடத்தில் போடாதீர்கள். இதை யார் எப்படி ஆசை காட்டினாலும் சொல்கிறேன். அந்தக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகையின் மேல் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பது. கூரைக்குக் கீழே, மனிதர்கள் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் சாயம் மங்கும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும். பழைய வீடுகளில் சுற்றுத் தாழ்வாரத்துக்கு வழவழப்பான கல்லைப் போட்டுவிட்டு, மழை விழும் இடத்துக்குக் கருங்கல் பலகை போட்டிருப்பதை நீங்களே பார்க்கலாம். நாமும் அப்படியே செய்வோம், திறந்த இடத்துக்குச் சொரசொரப்பான கருங்கல், தாழ்வாரத்துக்கு ஆத்தங்குடி.

புளிப்பு எதுவும் அந்தக் கல்லுக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், பானகம் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், கொஞ்ச நேரம் விட்டால் மெருகு போய் வெள்ளையாகத் திட்டு விழும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டு போகக்கூடாது. சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் வாரம் ஒரு முறை துடைத்தால் போதும். துடைத்த பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை ஒற்றி எடுங்கள், எண்ணெய் நின்றால் வழுக்கும்.

தொட்டியை இந்தத் தரையில் நேரடியாக வைத்தால் அடியில் உப்புப் பூத்து வெள்ளை வளையம் நின்றுவிடும், தேய்த்தாலும் போகாது. இரண்டு செங்கல் போட்டு, அதன் மேல் தட்டு, தட்டின் மேல் தொட்டி. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் இது கட்டாயம், ஏனென்றால் தொட்டி ஒட்டி நிற்கிற இடத்தில் ஈரம் ஏறிப் பூச்சு உப்பிவிடும். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சை இப்போது திரும்பச் செய்ய ஆளும் குறைவு, செலவும் அதிகம்.

இன்னொன்று, பறவை எச்சத்தில் வரும் ஆல், அரசு, அத்திக் கன்று சுவர் இடுக்கில் முளைத்தால் இரண்டு இலை இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று ஒரு மழைக்காலம் விட்டால் வேர் உள்ளே போய்ச் சுவரைப் பிளக்கும். பூட்டிக் கிடக்கிற எத்தனையோ நல்ல வீடுகள் இப்படித்தான் விழுகின்றன. போகும்போதெல்லாம் அதைப் பார்க்க மனது கேட்பதில்லை.

சலதாரை

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை, அதுவும் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும், வெளியே போக ஒரே துளை, அதுதான் சலதாரை. ஒரு வருடம் வீட்டில் ஆட்கள் இருந்தபோது, தொட்டியிலிருந்து அடித்து வந்த தேங்காய் நாரும் காகிதப்பூச் சருகும் சலதாரையை அடைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வாளியில் அள்ளிக் கொட்டினோம். அப்புறம் இரண்டு காரியம் செய்தேன். துளைக்கு மேலே கவிழ்த்த கிண்ணம் போல் எழும்பி நிற்கும் கம்பி வலை வைத்தேன், தட்டை வலை வைத்தால் சருகு ஒட்டிக்கொண்டு அதுவே மூடியாகிவிடும். சருகு அதிகம் கொட்டும் செடிகளைச் சலதாரைக்கு எதிர்ப்பக்கம் மாற்றினேன்.

மழைத் தண்ணீரை வீணாக்காதீர்கள். ஓட்டின் ஓரத்தில் தகரத் தாரை கட்டி அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துவைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், ஆனால் ஊரணி வெட்டி வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. முதல் மழையின் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஒரு டிரம்மில் பிடித்து மூடிவையுங்கள், செடிக்கு ஊற்ற அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இலை நுனி கருகுவது மழைத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தொட்டியும் மண்ணும்

பிளாஸ்டிக் தொட்டி சித்திரை வெயிலில் சூடாகி வேரை வேகவைக்கும், இரண்டு வருடத்தில் நொறுங்கியும் போகும். மானாமதுரை நமக்குப் பக்கம், மண் தொட்டி வாங்குங்கள். புதுத் தொட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் மண் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் தொட்டியே ஈரத்தைக் குடித்துவிடும். மல்லிகைக்கு வாய் 14 முதல் 16 அங்குலம், கறிவேப்பிலைக்கு 18, எலுமிச்சைக்கு 20-க்குக் குறையாமல். சின்னத் தொட்டி பத்து வாங்குவதைவிடப் பெரிய தொட்டி நாலு வாங்குவது நல்லது, தண்ணீர் ஊற்றும் வேலையும் குறைவு, ஆட்கள் வரும்போது நகர்த்தும் வேலையும் குறைவு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஓரம் உடைந்த உரல், கல்தொட்டி, ஓட்டை விழுந்த எனாமல் பாத்திரம் எல்லாம் கிடைக்கும். அதில் செடி வைத்தால் முற்றத்துக்குத் தனி அழகு. ஆனால் அடியில் துளை போட முடியாத எதிலும் நேரடியாகச் செடி நடாதீர்கள், உள்ளே ஒரு சின்னத் தொட்டியை இறக்கிவையுங்கள்.

நம் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் களியாகும். அதை மட்டும் போட்டு நிரப்பினால் செடி மூச்சுத் திணறும். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, ஆற்று மணலோ கழுவிப் பிழிந்த தேங்காய் நார்த்தூளோ ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவாமல் போடக்கூடாது. தொட்டி வாயிலிருந்து இரண்டு விரற்கடை காலியாக விடுங்கள்.

எந்தச் செடி

மல்லிகையில் தொடங்குவோம், ஏனென்றால் மாலையில் ஆட்கள் வரும் முற்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான செடி இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் மொட்டு அவிழும், வாசனை அப்போதுதான் எழும். பலரும் செய்யும் தவறு கவாத்து செய்யாமல் விடுவது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம், பிச்சியை டிசம்பர் கடைசி, முல்லையை ஜனவரி கடைசியில் வெட்ட வேண்டும். மல்லிகையைத் தொட்டி மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுங்கள். இலையும் இல்லாமல் குச்சியாக நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும், கை வராது. ஆனால் மல்லிகை புதுக்கிளையில்தான் பூக்கும், அந்த மொட்டைக் குச்சியிலிருந்து வரும் துளிர்தான் பங்குனி சித்திரையில் பூவைக் கொட்டும். வெட்டியதும் ஒரு கூடை மக்கிய எரு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரை நன்றாகக் கலக்கி நீர்க்கச் செய்து ஊற்றுங்கள். ஆட்கள் வருவதற்கு முந்தின இரண்டு நாள் புண்ணாக்குத் தண்ணீர் வேண்டாம், வாடை நிற்கும். இலையின் அடியில் சிவப்பாகப் பொடி போல் ஊர்ந்தால் சிலந்திப் பேன், தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு.

பவளமல்லி இரவில் பூத்து விடியலில் உதிர்ந்துவிடும், ஆகவே அது காலையில் வருபவர்களுக்கான செடி. பெரிய தொட்டியில் வெட்டி வெட்டி வளர்க்கலாம். மனோரஞ்சிதத்துக்குத் தரையில் இடம் இருந்தால் மட்டும் ஆசைப்படுங்கள்.

கறிவேப்பிலையில் இலையை உருவாதீர்கள், கொத்தின் நுனியைக் கிள்ளுங்கள், கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும். புளித்த மோரை நிறையத் தண்ணீர் விட்டு மாதம் இரண்டு முறை ஊற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக்கூடாது, ஏறுவதற்கு ஒரு கரடுமுரடான மரக்கட்டையோ தேங்காய் நார் சுற்றிய குச்சியோ வேண்டும். சங்குப்பூ வெயில் உள்ள தூண் ஓரத்தில் தானாக ஏறும், அதன் நீலத்துக்கு விருந்தில் ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். கற்பூரவல்லி ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும், பஜ்ஜிக்கு இலை எப்போதும் இருக்கும்.

அல்லி வளர்க்க ஆசை இருந்தால் ஒன்றரை அடி ஆழமுள்ள கல்தொட்டி, ஐந்தாறு மணி நேர வெயில், அடியில் களிமண். கப்பி மீன் நாலு விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும். மீன் இல்லாமல் திறந்து கிடக்கும் எந்தத் தண்ணீரும் முற்றத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கொசு முட்டை இட்டுப் புழுவாகிப் பறந்து போக ஏழிலிருந்து பத்து நாள் போதும், டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் வளரும். பூ மிதக்கவிட்ட உருளி, தொட்டியின் கீழ்த்தட்டு, மழைநீர் டிரம்மின் மூடி இடுக்கு என்று வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

முருங்கை வேண்டாம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவர் முழுக்க ஏறும். அரளி பூஜைக்கு வேண்டும் என்பவர்கள் வாசலில் வையுங்கள், செடி முழுக்க விஷம், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் கூடாது. அப்புறம் முற்றத்துக்கு மேலே போட்டிருக்கும் கம்பி வலையில் கொடி ஏற்ற நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நிழல் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வானம் போய்விடும், கீழே உள்ள எந்தச் செடிக்கும் வெயில் வராது, சருகு வருடம் முழுக்கக் கொட்டும். நான் ஏற்றியிருந்த கொடியை இரண்டு வருடத்தில் இறக்கிவிட்டேன், அன்று இரவு நிலா முற்றத்தில் விழுந்ததைப் பார்த்து இவ்வளவு நாள் இதை மறைத்து வைத்திருந்தோமே என்று இருந்தது.

பொது வீட்டில் பங்கு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்துப் புள்ளி, அதாவது பத்துக் குடும்பம், இருக்கிற வீட்டு வளவு எல்லாருக்கும் பொது. தூணில் ஆணி அடிப்பது, கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டுவது எதுவும் பங்காளிகளைக் கேட்காமல் செய்யாதீர்கள். சக்கரம் வைத்த பலகையில் நிற்கும் தொட்டிகள் மட்டும் போதும், கல்யாணம் என்றால் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பின்கட்டுக்குத் தள்ளிவிட முடிய வேண்டும்.

ஆட்களைக் கூப்பிடும் நாள்

வெயில் காலத்தில் ஆறரை மணிக்கு முன்னால் யாரையும் கூப்பிடாதீர்கள். கருங்கல் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு வரை விடும். நாலரை மணிக்குத் தரையை ஒருமுறை நன்றாகக் கழுவிவிடுங்கள், அது ஆவியாகப் போனதும் ஐந்தரைக்கு இன்னொரு முறை லேசாகத் தெளியுங்கள். ஆறரைக்குள் காய்ந்திருக்க வேண்டும், வயதானவர்கள் வருகிற இடத்தில் ஈரத்தரை ஆபத்து. செடிகளுக்கு அன்று காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், மாலையில் ஊற்றினால் தட்டிலிருந்து வழிந்து உட்காரும் இடத்துக்கு வரும்.

பாய், ஜமக்காளம், தடுக்கு எல்லாம் விரிப்பது அழகுதான், ஆனால் ஐம்பது தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. வந்ததும் "வாங்க ஆச்சி, இங்கே உட்காருங்க" என்று சாய்மானம் உள்ள நாற்காலியைக் காட்ட வேண்டும், அவர்கள் கேட்கும்படி வைக்கக்கூடாது. நாற்காலிகளை மேற்குச் சுவர் ஓரம், அவற்றின் எதிரே பாய், நடுவில் ஆள் நடக்க இடம். தாழ்வாரப் படி இருந்தால் இளசுகள் அதில் உட்கார்ந்துகொள்வார்கள். மல்லிகைத் தொட்டி இரண்டை நாற்காலிகளுக்குப் பின்னால் நகர்த்திவிடுங்கள், காற்று வரும் திசையில் இருந்தால் வாசனை தானாக ஆட்களிடம் வரும். எங்கள் வீட்டில் வரும் பெண்களுக்குச் செடியிலிருந்தே பறித்துக் கொட்டானில் (ஓலைக் கூடையில்) வைத்துக் கொடுப்போம், அவர்களே பேசிக்கொண்டே கட்டிக்கொள்வார்கள்.

கொசுவுக்கு எல்லாரும் வேப்பிலைப் புகை போடுவார்கள். புகை உதவும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் கஷ்டம். ஒரு பெடஸ்டல் ஃபேனை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கால் பக்கம் காற்று போகும்படி வையுங்கள். கொசுவால் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. நான் பார்த்தவரை இதைவிட நன்றாக வேலை செய்வது எதுவும் இல்லை.

விளக்கு தலைக்கு மேலே வெள்ளையாக எரிய வேண்டாம். முகம் தெரிகிற அளவுக்கு மஞ்சள் விளக்கு இரண்டு, தாழ்வாரத் தூணில். செடிகளுக்கு நடுவில் ஐந்தாறு அகல், குழந்தைகள் கை எட்டாத இடத்தில். மழை பெய்து விட்ட மாலையில் ஈசல் கூட்டமாக வரும், அப்போது முற்றத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வாசல் விளக்கை மட்டும் போட்டு அதன் கீழே ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், அரை மணியில் எல்லாம் அங்கே போய்விடும். அதுவரை அகல் வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருக்கலாம்.

பலகாரம் என்னும்போது ஒரு யோசனை. வெள்ளைப் பணியாரம் நம் பெருமைதான். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கிற வரை குவித்து, இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வெண்ணெய் போல் அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்துக் கரைத்து, புளிக்க விடாமல் உடனே ஊற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் எண்ணெயில் ஊற்ற முடியும். பதினைந்து பேருக்கு என்றால் ஒருவர் மாலை முழுக்க அடுப்படியிலேயே நிற்பார், அநேகமாக அது வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும், ஆட்கள் போன பிறகுதான் அவர் முற்றத்தையே பார்ப்பார். இது எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்று, அடுப்பைத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்து, பேச்சு காதில் விழும் இடத்தில் வைத்து, ஆளுக்குப் பத்தாக மாறி மாறி ஊற்றுங்கள். அடுப்பு சுவர் ஓரமாக, பாய்க்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும், ஃபேன் காற்றும் அந்தப் பக்கம் போகக்கூடாது. இல்லையென்றால் குழிப்பணியாரம் போடுங்கள், ஒரு ஈடுக்கு ஏழெட்டு வரும். தேன்குழல், சீடை எல்லாம் முந்தின நாளே செய்து வைக்கலாம். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல், அன்று பறித்த கறிவேப்பிலையில் ஒரு துவையல்.

குடிக்க நன்னாரி சர்பத்தும் நீர்மோரும் போதும். பிள்ளைகள் இருந்தால் சங்குப்பூவைப் பத்துப் பன்னிரண்டு பறித்துக் காம்பை எடுத்துவிட்டுச் சுடுதண்ணீரில் போட்டு, ஆறியதும் சர்க்கரை சேர்த்து நீலமாகவே கொடுத்து, அவர்கள் கையாலேயே எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாக மாறும், அவர்கள் கத்துகிற கத்தல் தெருவுக்குக் கேட்கும். ஆத்தங்குடித் தரையில் வைத்து இதைச் செய்ய வேண்டாம், கருங்கல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் ஆட்களைக் கூப்பிடப் பயப்படாதீர்கள். தாழ்வாரத்தில் நாற்காலியைச் சாரல் படாமல் இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டு, நாலு பக்கமும் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சூடாகச் சுக்கு காப்பி குடிப்பதுபோல் ஒரு மாலை வேறு எந்த வீட்டிலும் கிடைக்காது. நடுவில் எதுவும் இல்லாமல் விட்டதன் முழுப் பலனும் அன்றைக்குத்தான் தெரியும். சலதாரையை மட்டும் மத்தியானமே பார்த்துவிடுங்கள்.

போகும்போது கையில் கொடுக்க வெற்றிலை பாக்கோடு ஒரு கன்றும் இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். ஆனி ஆடியில் மல்லிகையின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, பக்கத்தில் வைத்த சின்னத் தொட்டி மண்ணில் அந்தக் கணுவைப் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நாலு மாதத்தில் வேர் பிடித்துவிடும். ஐப்பசி மழையில் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து, ஒரு மாதம் நிழலில் தேற்றினால் பொங்கலுக்கு வருகிற அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கன்று தயார். தொட்டியில் எந்தப் பக்கம் வெயில் பட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.